ஒச்சப்பன் சட்டைப்பையில் ஒன்றாம் நம்பர்

ஒச்சப்பன் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்ற செய்தி 1986 ஆவணியில் திண்டுக்கல் தக்காளி மண்டியில் கிளம்பியது. மூன்று நாள் ஊரைச் சுற்றிவிட்டு, நாலாம் நாள் முறைப்படி அவர் மனைவி பெருமாயியிடம் போய்ச் சேர்ந்தது. இப்படிப்பட்ட சேதியை மனைவிக்குக் கடைசியாகச் சொல்வதுதான் மரியாதை என்று ஊரில் ஓர் ஏற்பாடு. திண்டுக்கல் தனி மாவட்டமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் வதந்திகளும் முன்போல் தாலுகா அளவில் நின்றுவிடாமல் கன்னிவாடி, அகரம் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தன.

செய்தி வெறுங்கையோடு வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒச்சப்பனுக்கு இடது கண் சொக்குகிறது. நாலு மணிக்கு நாக்குக் குழறுகிறது. ஐந்து மணிக்கு மூக்கால் பேசுகிறார். ஆறு மணிக்குச் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். இதற்கு மேல் ஒரு மனிதன் குடிக்கிறான் என்பதற்கு என்ன வேண்டும்?

சரிபார்க்கப் போனால்தான் சிக்கல். மண்டியில் எடை போடுகிறவர், தான் கண்ணால் பார்க்கவில்லை, டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார் என்றார். டீக்கடைக்காரர், தான் பார்க்கவில்லை, எடை போடுகிறவர் சொல்லித்தான் தெரியும் என்றார். சாராயக்கடைக்காரரையே கேட்டதற்கு, “சத்தியமா நம்ம கடைக்கு வந்ததில்ல. அப்ப வேற கடைக்குத்தான் போறாரு” என்று மனம் நொந்து சொன்னார். வாடை அடித்ததா என்ற கேள்விக்கு மண்டி முழுக்க ஒரே பதில்: “அது வாடை வராத சரக்கு. வெலை ஜாஸ்தி.”

வதந்தி பொய். அது பொய்யாகப் போயிற்றே என்று பின்னால் பெருமாயி பிள்ளையார் கோயில் வாசலில் நின்று அழுதாள்.

ஒச்சப்பன் ராயப்பராஜ் மண்டியில் இருபத்திரண்டு வருஷமாக ஏலம் கூறுகிறவர். வயது நாற்பத்தாறு. கன்னிவாடிப் பக்கமிருந்தும் அகரத்திலிருந்தும் வரும் தக்காளிக் கூடைகள் மத்தியானத்துக்குள் வந்து இறங்கிவிடும். இரண்டு மணிக்கு ஏலம் ஆரம்பித்தால் லாரி கிளம்புகிற ஆறு மணி வரைக்கும் அவர் வாய் மூடாது. மைக் கிடையாது. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று அவர் தொண்டையைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் தன் பஸ் கிளம்பிவிட்டதோ என்று எழுந்து உட்காருவான். அவருக்கு இன்னொரு கைவேலையும் உண்டு. கூடை ஏலத்துக்கு வரும் முன் நசுங்கியதையும் காயையும் அடியில் தள்ளி, சிவந்து திரண்ட பழமாகப் பார்த்து மேலே அடுக்கிவிடுவார். இதற்கு மேல்பழம் வைப்பது என்று பெயர். வாங்குகிறவனுக்கும் இது தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். இருந்தாலும் மேல்பழம் வைக்காத கூடையை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். நாகரிகம் என்பது இதுதான்.

சேதி காதுக்கு வந்த அன்றைக்கே, நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று பெருமாயி தீர்மானித்தாள். மறுநாள் நாலரை மணிக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். ஏலத்தை நடுவில் நிறுத்திவிட்டு ஒச்சப்பன் வந்தார். காலிக் கூடைகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்தார். மடியிலிருந்து எதையோ எடுத்தார். பாட்டில்தான் என்று பெருமாயி பல்லைக் கடித்தாள்.

எடுத்தது ஒரு உளுந்து வடை.

அதைக் கடித்தார். நாலு தடவை மென்றார். ஐந்தாவது தடவை தாடை நின்றுபோயிற்று. உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, கதவை மூடுகிற மாதிரி வாயை மூடி மூடி மென்றார். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் இடது கண் இமையைத் தூக்கிப் பிடித்திருந்தது. சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். பாதித் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மிச்ச வடையைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பியவர் கண்ணில் பெருமாயி பட்டாள். அவருக்கு அப்போது இரண்டு பெருமாயி தெரிந்தார்கள். ஒருத்தியைச் சமாளிப்பதே பெரும்பாடு.

“என்னங்க இது?”

“சத்தம் போடாத.”

“எம்புட்டு நாளா?”

“சித்திரையிலருந்து. காலைல நல்லாத்தான் இருக்கு. பொழுது ஏற ஏறத்தான் வருது.”

“குடிக்கிறீகன்னு ஊரே பேசுதுங்க!”

“பேசட்டும்” என்றார் ஒச்சப்பன் மூக்கால். “குடிக்கிறவனுக்கு மண்டியில வேல இருக்கு. ராயப்பராஜே ராத்திரியானா போடுறவருதான. சீக்காளிக்கு யாரு வேல குடுப்பா? நீயும் குடிக்கிறேன்னே சொல்லு.”

பெருமாயி அப்படிச் சொல்லவில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர், காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் விரட்டுவதில் கெட்டிக்காரர். ஒச்சப்பன் கண்ணைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டார்.

“இது நம்ம கைக்கு அடங்குறது இல்ல. மாசா மாசம் ரெண்டாஞ் சனிக்கெழம பழனி ரோட்டு நர்சிங் ஹோமுக்கு மதுரையிலருந்து நரம்பு டாக்டர் வாராரு. அவரைப் பாருங்க. அபூர்வமான வியாதியா இருக்கலாம்.” எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டார்: “மூச்சு வாங்குதா?”

“இல்லைங்க.”

“வாங்குனா உடனே வாங்க.”

அதோடு ஒச்சப்பனின் தூக்கம் போயிற்று. நாற்பத்தாறு வருஷமாக அது பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மூச்சை இப்போது அவர் மேற்பார்வை பார்க்க வேண்டியதாகிவிட்டது. உள்ளே போனதா, வெளியே வந்ததா, போன மூச்சைவிட வந்த மூச்சு குறைவா என்று வரவும் போக்குமாகக் கவனித்தார். கவனித்தால் மூச்சு திணறத்தான் செய்யும். மண்டிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். பத்து நாளில் கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. கழுத்து எலும்பு தெரிவதைக் கண்டு மண்டியில், “கல்லீரல் போயிருச்சு” என்றார்கள்.

இரண்டாம் சனிக்கிழமைக்கு ஒச்சப்பன் தயாரான விதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெள்ளிக்கிழமை மண்டிக்கு லீவு போட்டார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. கஞ்சிதான் குடித்தார், மெல்லுகிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை விடியும் முன்னே போய் நின்று மூன்றாம் நம்பர் டோக்கன் வாங்கினார். முகச்சவரம் செய்து, விபூதி பூசி, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

“டாக்டர்கிட்டயா போறீக, பொண்ணு பாக்கப் போறீகளா?” என்றாள் பெருமாயி.

“பெரிய டாக்டரு. முன்னாடி போயி நின்னா ஒரு நல்ல தோரணையா இருக்கணும்ல.”

வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஊறிய கை, தன்னைத் தானே அடுக்கிக்கொண்டது. மேலே முழுக்க மேல்பழம்.

பெருமாயியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். டாக்டர் கண்ணில் விளக்கு அடித்தார். இமை இரண்டும் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றன. கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பயத்தில் அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது.

“என்ன தொந்தரவு?”

“அப்பப்ப கண்ணு லேசாச் சொக்கும்ங்க.”

“சாப்பிடறது?”

“நல்லாச் சாப்பிடுறேங்க.”

“குரல்?”

“கணீர்னு இருக்குங்க.”

எல்லாம் உண்மை. காலை எட்டு மணிக்கு எல்லாமே உண்மையாகத்தான் இருந்தது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒச்சப்பன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“ஒண்ணுமில்லயாம்!”

“மூக்கு வழியாத் தண்ணி வந்துச்சே, அதச் சொன்னீகளா?”

“அவரு கேக்கல.”

“வடையச் சொன்னீகளா?”

“பெரிய டாக்டர்ட்டப் போயி வடையப் பத்தி என்னத்தப் பேசுறது?”

பெருமாயி தலையில் அடித்துக்கொண்டபோது பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள். வெள்ளைத் துப்பட்டி. வலது இமையை நெற்றியோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டுத் தூக்கி ஒட்டியிருந்தார். தாடைக்குக் கீழே உள்ளங்கை. அதைப் பார்த்ததும் ஒச்சப்பனின் சிரிப்பு நின்றது. மண்டி மூலையில் அவர் தாடைக்குக் கொடுக்கிற அதே கை.

“தம்பி, வெயிலுக்கு முந்தி வந்து காட்டுனா எந்த டாக்டருக்குத் தெரியும்? இந்தச் சீக்கு காலைல தூங்கும், சாயங்காலம் முழிக்கும். நானும் மொதத் தடவ இப்புடித்தான் தலை சீவிப் பூ வெச்சிட்டு வந்தேன். அவரும் சத்து மாத்திரதான் குடுத்தாரு.”

அவர் பெயர் காதர் பீவி. வீடு பேகம்பூரில். நாலு வருஷமாக இதே வியாதி. வீட்டில் மருமகள் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்த பிறகுதான் வியாதி என்று தெரிந்ததாம்.

“உங்களுக்கு என்ன பேரு வெச்சாக?”

“குடிகாரன்னு” என்றார் ஒச்சப்பன்.

“ஆம்பளன்னா பேரு கூட ஒசத்தியாத்தான் வெக்கிறாக” என்று காதர் பீவி சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் கொஞ்ச நேரத்துக்கு நிற்கவில்லை. பெருமாயி முதுகைத் தடவிவிட்டாள். காதர் பீவி தட்டில் ஊற்றி வைத்திருந்த டீயைத் தள்ளி வைத்துவிட்டு, “தொண்டையில நிக்கிது, இப்பக் கொஞ்ச நாளா. அதச் சொல்லலாம்னுதான் வந்தேன்” என்றார்.

பிறகு தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் நாற்பத்தைந்து டோக்கன்தான். ஒருமுறை உள்ளே போனவருக்கு அன்றைக்கு இன்னொரு டோக்கன் தர மாட்டார் டோக்கன் கொடுக்கும் அய்யனார். அட்டையில் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

“இந்தாங்க. போயி வழக்கமாப் பாக்குற வேலையப் பாத்துட்டு, கண்ணு விழுந்தப்புறம் வந்து காட்டுங்க. எனக்கு மாத்திர இன்னும் இருக்கு. அடுத்த மாசம் நீங்க வெள்ளன வந்து ஒண்ணாம் நம்பர் வாங்கி எனக்குக் குடுத்திருங்க. கணக்குச் சரியாப் போச்சு.”

ஒச்சப்பன் அந்த இருமலைக் கேட்டவர்தான். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தார். கை அதற்குள் அட்டையை வாங்கிவிட்டது.

“நான் வல்லன்னா பேகம்பூர்ல வந்து கேளுங்க, கண்ணுல பிளாஸ்திரி ஒட்டுனவன்னா பச்சப் புள்ளயும் வீட்டக் காட்டும்” என்று சொல்லிவிட்டு காதர் பீவி துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அன்று மத்தியானம் ஒச்சப்பன் ஏலம் கூறினார். வாழ்க்கையில் முதல்முறையாக, குரல் சீக்கிரம் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு கூறினார். மூன்றரைக்குக் கண் விழுந்தது. நாலுக்குக் குரல் மூக்குக்குள் புகுந்தது. வாங்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெருமாயி குதிரை வண்டியோடு வாசலில் நின்றாள். “இன்னிக்கு வீட்டம்மாவே கூட்டிப்போக வந்துருச்சு டோய்” என்று ஒருவன் கத்தினான். வண்டியில் ஏறக் காலைத் தூக்கினால் கால் எழும்பவில்லை. இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர்கள் முகத்தில் இருந்த இரக்கம் குடிகாரனுக்குரிய இரக்கம். குதிரை பழனி ரோட்டில் ஓட ஓட ஒச்சப்பன் தலை தொங்கியது. நிமிர்த்த முடியவில்லை. மூச்சை எண்ணினார். ஒவ்வொன்றும் போய்த்தான் வந்தது. ஆனால் சும்மா வரவில்லை, இழுத்தால்தான் வந்தது.

டாக்டர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “காலையில வந்தவர்தானே? குடிச்சிருக்கீங்களா?”

பெருமாயி இந்தக் கேள்விக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தவள் மாதிரி முன்னால் வந்தாள். “மோந்து பாருங்க சார். நல்லாக் கிட்டக்கப் போயி மோந்து பாருங்க. ஊர்ல ஒருத்தராச்சும் மோந்து பாக்கட்டும்!”

டாக்டர் மோந்து பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கச் சொன்னார். அரை நிமிஷத்தில் இரண்டு இமையும் மூடிக்கொண்டன. ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் சத்தமாக எண்ணச் சொன்னார். ஒச்சப்பனுக்கு எண் என்றால் ஏலம்தான். “பத்து… பதினொண்ணு… பதினொண்ணு ஒரு தரம்…” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் முப்பதில் மூக்குக்குப் போனார். முப்பத்தாறில் வெறும் காற்றுதான் வந்தது. உதடு மட்டும் முப்பத்தேழு என்றது.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். “இது போட்டுப் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல கண் தெறந்துச்சுன்னா, நான் நெனைக்கிற வியாதிதான். தெறக்கலைன்னா வேற ஏதோ.”

அந்தக் கால் மணி நேரம் ஒச்சப்பனும் பெருமாயியும் சுவரில் இருந்த முருகன் காலண்டரையே பார்த்தார்கள். என்ன வேண்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கண் திறக்கட்டும் என்றால் அந்த வியாதி. திறக்க வேண்டாம் என்றால் பெயர் தெரியாத இன்னொன்று. பெருமாயி முருகா முருகா என்பதோடு நிறுத்திக்கொண்டாள், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. மருந்தின் வேகத்தில் ஒச்சப்பனுக்கு வாயில் எச்சில் ஊறியது. எதிரே இரண்டு டாக்டர்கள், இரண்டு மேசை, இரண்டு காலண்டர். எந்த முருகனைக் கும்பிடுவது?

பன்னிரண்டாவது நிமிஷம் இரண்டு டாக்டர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து ஒரே டாக்டர் ஆனார்கள். இடது இமை மேலே போனது. தலை நிமிர்ந்தது.

“எண்ணுங்க.”

ஒச்சப்பன் தொண்டையைத் திறந்தார். நர்சிங் ஹோமில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நூறைத் தாண்டி நூற்றிருபதுக்குப் போய், “நூத்தியிருவது ஒரு தரம், ரெண்டு தரம்…” என்று கூவியவர் டாக்டர் முகத்தைப் பார்த்தார். அதில் சந்தோஷமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. மூன்றாம் தரம் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

“லட்சத்துல அஞ்சாறு பேருக்குத்தான் வரும்” என்றார் டாக்டர்.

ஒச்சப்பன் பதினைந்து வருஷமாக வாரம் தவறாமல் லாட்டரி டிக்கெட் வாங்குகிறவர். ஆறுதல் பரிசுகூட விழுந்ததில்லை.

நரம்புக்கும் தசைக்கும் நடுவில் சேதி போவது களைத்துப்போகிறது, தீராது, ஆனால் கட்டி வைக்கலாம் என்றார் டாக்டர். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மாத்திரை நாலு வேளை, நேரம் தப்பக் கூடாது. “ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. சாப்பிடறப்போ அடிக்கடி புரையேறி, இருமல் நிக்கலைன்னா அடுத்த சனிக்கிழமைன்னு காத்திருக்கக் கூடாது. அன்னைக்கே மதுரைக்கு வந்துடணும். மூச்சைப் பிடிச்சிடும்.”

ஒச்சப்பன் பெருமாயியைப் பார்த்தார். பெருமாயி வாசலைப் பார்த்தாள். இருவரும் வெளியே வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை. டீ ஊற்றிய தட்டு மட்டும் இருந்தது.

“அந்தக்காவுக்குத் தெரியாததா? நாலு வருசமாப் பாக்குதுல்ல” என்றாள் பெருமாயி, யாரும் கேட்காமலே.

தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். ஒச்சப்பன் அன்று வழியெல்லாம் மூச்சைக் கவனிக்கவில்லை. நாளைக்குப் பேகம்பூர் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தார். அந்த நாளை தள்ளிக்கொண்டே போயிற்று.

மாத்திரைக்குக் கண்ணும் குரலும் கட்டுப்பட்டன. ஒன்றரைக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஏலத்துக்கு ஏறினால் ஐந்து மணிவரை தாங்கும். அதற்கு மேல் கூற ராயப்பராஜ் இன்னோர் ஆளை வைத்துக்கொண்டார். பழைய வதந்தி செத்து, ஒச்சப்பன் அபின் உருண்டை போடுகிறார் என்று புதிது பிறந்தது. இதற்குச் சாட்சிக்குப் பஞ்சமில்லை. எல்லோர் முன்னாலும்தானே விழுங்குகிறார்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவர் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று ஒன்றாம் நம்பர் வாங்கினார். பெருமாயி தனக்கு என்று இரண்டாம் நம்பர் வாங்கி அவரிடம் கொடுத்தாள். எட்டு மணிக்கு அய்யனார் “ஒண்ணு!” என்று கூப்பிட்டார். ஒச்சப்பன் வாசலைப் பார்த்தார். வெள்ளைத் துப்பட்டி எதுவும் ரோட்டில் தெரியவில்லை. “ஒண்ணு யாரு? ஒண்ணு!” ஒச்சப்பன் அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். “சரி, ரெண்டு வாங்க.”

பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார் என்றார் ஒச்சப்பன். பேகம்பூரிலிருந்து பழனி ரோட்டுக்கு நடந்தே வரலாம். அதைப் பெருமாயி சொல்லவில்லை.

“ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவோமா?” என்று மட்டும் கேட்டாள்.

“போவோம், போவோம்.”

போகவில்லை. சைக்கிளில் கால் மணி நேரம். ஒரு பச்சைப் பிள்ளையிடம் கேட்டால் போதும், வீட்டைக் காட்டும். அந்தப் பிள்ளை வீட்டைக் காட்டுவதற்கு முன் தன் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் ஒச்சப்பனின் பயம். தன் மூச்சுக்குக்கூட அவர் இவ்வளவு பயந்ததில்லை. போகாத வரைக்கும் காதர் பீவிக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். பேகம்பூரை ஒட்டி மண்டிக்குப் போகிற வழியைக்கூட மாற்றிக்கொண்டார்.

மூன்று மாதமாயிற்று. அய்யனார் அட்டைகளை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று சத்தம் போட்டுவிட்டு, புதிதாக எழுதச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார். பழனி ரோட்டு நர்சிங் ஹோமில் இப்போது டோக்கன் இரண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஒன்றாம் நம்பர் ஒச்சப்பன் சட்டைப்பையில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. துவைக்கப் போடும்போது பெருமாயி எடுத்து வைப்பாள், அவர் மறுபடி போட்டுக்கொள்வார்.